பூட்டுக்காரரைத் தோண்டி எடுத்த கதை

பேக்கரி அக்காவின் வீட்டுக்காரர் மண்ணுக்குள் போன பிறகுதான் அவர் எப்படிச் செத்தார் என்று எங்கள் தெருவுக்குச் சந்தேகம் வந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் விசாரித்ததில்லை.

அவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். முன்பக்கம் அக்காவின் ரொட்டிக் கடை, அதற்குப் பின்னால் அடுப்படி, அடுப்படியை ஒட்டினாற்போல் ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அளவில் அவருடைய பட்டறை. சுவர் முழுக்க ஆணியடித்துச் சாவிகள் தொங்கும். அடுப்பின் வெக்கையும் அரத்தூளும் சேர்ந்து அந்த அறைக்கென்று ஒரு வாசனை உண்டு. நல்ல கனத்த சரீரம். நாற்காலியில் உட்கார்ந்தார் என்றால் நாற்காலி முதலில் ஒரு வார்த்தை சொல்லும், பிறகுதான் அவர் சொல்வார்.

இதயத்தில் அடைப்பு என்று கண்டுபிடித்த டாக்டர் உப்பு, எண்ணெய், கறி மூன்றையும் நிறுத்தச் சொன்னார். டாக்டர்கள் இப்படி எல்லோரிடமும்தான் சொல்கிறார்கள். ஆனால் அக்கா அதை அப்படியே செய்தாள். காலையில் கஞ்சி, மத்தியானம் அவித்த சுரைக்காய், ராத்திரிக்கு மறுபடியும் கஞ்சி. எதிலும் உப்பு கிடையாது. என்னுடைய தையல் கடை எதிர்வரிசையில் இருந்ததால் சாப்பிட்டு முடித்த கையோடு அங்கே வந்து உட்காருவார். "தம்பி, இவ என்னை உப்பில்லாமக் கொல்றா" என்பார். கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதே புலம்பல்தான். அவர் செத்த பிறகு அந்த வாக்கியம் 'உப்பில்லாம' என்ற சொல்லை எங்கேயோ உதிர்த்துவிட்டு, மீதியோடு தெருவில் தனியாக நடக்க ஆரம்பித்தது.

செத்தது ஒரு மத்தியான நேரம். பட்டறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஏதோ வேலையாக இருந்தார். மகள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அக்கா கதவைத் தட்டி, உள்ளே என்ன பண்ணுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். ஓர் இருமல் கேட்டது. கோபமாக இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு, அடுப்பில் ரொட்டி கருகும் பதத்தில் இருந்ததால் திரும்பிப் போய்விட்டாள். டீ நேரம் தாண்டியும் ஆள் வராததால் எங்களைக் கூப்பிட்டாள். நானும் இன்னும் இரண்டு பேரும் தோளால் மோதித் தாழ்ப்பாளை உடைத்தோம். பட்டறை மேசைமேல் தலை சாய்த்துத் தூங்குகிறவர் போலக் கிடந்தார். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரில் அவருடைய பல்செட். புதிதாகக் கட்டிய பல். ஈறைக் கடிக்கிறது என்று ஆள் இல்லாத நேரத்தில் கழற்றி வைத்துவிடுவார்.

டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, இதயம் நின்றுவிட்டது என்றார். இதயம் நிற்காமல் யார் செத்தார்கள் என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

குளிப்பாட்டி நல்ல சட்டை போட்டுவிட்டார்கள். பல்லை வாயில் பொருத்திப் பார்த்தாள் அக்கா. சேரவில்லை. சட்டைப் பையில் போட்டாள். அங்கே போய்ப் பல்லைத் தேடி அலையக் கூடாதே என்று சொன்னாள். மகள் இன்னொரு காரியம் செய்தாள். அப்பா வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்த பூட்டு ஒன்று இருந்தது. எந்தக் கள்ளச்சாவிக்கும் திறக்காது என்று பெருமையாகச் சுவரில் மாட்டியிருந்தார். அதைக் கொண்டுவந்து சவப்பெட்டியின் கொண்டியில் மாட்டிப் பூட்டினாள். சாவியைப் பெட்டி மூடுவதற்கு முன்பே அப்பாவின் பையில், பல்லோடு பல்லாக வைத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். இதனால் பின்னால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

அவருக்கு ஒரு அக்காள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் அவளுக்கும் தெரியும். துக்க வீட்டுக்கு முதலில் ஓடிவந்தவள் அவள்தான். பட்டறைக்குள் போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டு கதறினாள். மறுநாளிலிருந்து ஒலிபரப்பு தொடங்கியது. "உதடு நீலமா இருந்துச்சு. நான் பார்த்தேன். மாரடைப்புல சாகுறவனுக்கு உதடு ஏன் நீலமாகணும்?" என்பதுதான் முதல் செய்தி. மாவு மூட்டைக்கு எலி வருகிறது என்று அக்கா போன மாதம் எலி மருந்து வாங்கியது இரண்டாவது செய்தி. புதைத்த மறுநாளே அடுப்பு மூட்டியது மூன்றாவது. அதற்கு அக்கா சொன்ன காரணம், பிசைந்த மாவு பொங்கி வழிகிறது, அதற்குத் துக்கம் விசாரிக்கத் தெரியாது என்பது. அதுவும் அவளுக்கு எதிராகவே போயிற்று.

கொஞ்ச நாளில் ரொட்டி விற்பது நின்றது. பள்ளிக்கூடத்துக் கேன்டீன் முதலில் வேண்டாம் என்றது. பிறகு ஆஸ்பத்திரி வாசல் டீக்கடை. அப்புறம் தெருவே. மூன்று தெரு தாண்டிப் போய் வேறு கடையில் ரொட்டி வாங்கி, திரும்பும்போது அக்காவின் கடையைத் தாண்டும்வரை பையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நடந்தார்கள். ரொட்டிக்கு வாசனை இருப்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. அக்கா ஒருநாள் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தன் ரொட்டியைத் தானே எல்லோரும் பார்க்கத் தின்றாள். அதற்கும் தெரு ஒரு பதில் வைத்திருந்தது. எதில் வைத்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியுமே.

அன்றைக்குத்தான் அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். பேச்சுத் துணைக்கு என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், பேசியதெல்லாம் அவளேதான். இன்ஸ்பெக்டர் நடுவயசுக்காரர், இளைப்பு நோய் உள்ளவர். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில்தான் முடிப்பார்.

புகார் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னாள். யார் மேல் என்று கேட்டார்.

"என் மேலதான் சார்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"என் வீட்டுக்காரரை நான் விஷம் வெச்சுக் கொன்னுட்டேன்னு சொல்றாங்க. தோண்டி எடுத்துப் பாருங்க. இருந்தா என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க. இல்லேன்னா இல்லேன்னு எழுதிக் குடுங்க, கடையில மாட்டணும்."

அப்படியெல்லாம் தோண்டிவிட முடியாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். புதைத்த ஆளை வெளியே எடுப்பதென்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு போட வேண்டும். சாவில் சந்தேகம் என்று போலீஸ் அவருக்கு எழுத வேண்டும். போலீஸ் எழுத வேண்டுமானால் யாராவது சந்தேகப்பட்டுப் புகார் தர வேண்டும். தன்மேல் தானே சந்தேகப்பட்டு யாரும் புகார் தருவதில்லை. "யார் சந்தேகப்படுறாங்களோ அவங்களைக் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

அங்கிருந்து நேராக நாத்தனார் வீட்டுக்கு நடந்தோம். ரேடியோ வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலேயே ஒரு கீரைக்கட்டை எடுத்துத் தானும் ஆய்ந்தபடி விஷயத்தைச் சொன்னாள். தெருவில் சொன்னதை ஸ்டேஷனில் வந்து ஒரு தடவை சொன்னால் போதும், ஆட்டோ செலவு தன்னுடையது என்றாள்.

"நான் எங்க சொன்னேன்?" என்றாள் ரேடியோ.

"உதடு நீலமா இருந்துச்சுன்னு சொல்லல?"

"நீலமா இருந்துச்சுன்னுதான் சொன்னேன். நீ வெச்சேன்னா சொன்னேன்?"

"அதை வந்து சொல்லுங்க அண்ணி."

"மண்ணுக்குள்ள போனவனைப் போய்த் தோண்டுவாங்களா? நிம்மதியாத் தூங்கட்டும்." கீரையோடு சேர்த்துக் காம்பையும் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். வாய் ஓயாத பொம்பளை, ஊரே கேட்கச் சொன்னதை ஓர் ஆளிடம் சொல்ல ஏன் இப்படிப் பின்வாங்குகிறாள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா யோசித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் மறுபடி போய், தன் கணவர் சாவில் தனக்குச் சந்தேகம் இருப்பதாகவே எழுதிக் கொடுத்தாள். யார்மேல் என்று அவர் கேட்டதற்கு, "தெருவுக்கு என் மேல. எனக்குத் தெரு மேல. நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க" என்றாள். இன்ஸ்பெக்டர் ஒரு மூச்சு வாங்கிவிட்டு அதை வேறு மாதிரி எழுதிக்கொண்டார்.

உத்தரவு வந்தது. நல்ல வெளிச்சம் வேண்டும் என்பதால் காலையிலேயே ஆரம்பிப்பார்கள் என்றார்கள். அடையாளம் காட்டக் குடும்பத்தார் வர வேண்டும், சாட்சிக்குத் தெருவில் இருவர். ஒருவர் நான், இன்னொருவர் ரிட்டயரான தபால்காரர். ரேடியோவுக்கும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார்கள். கூடப் பிறந்தவளாயிற்றே.

மாஜிஸ்திரேட் சின்ன வயசு. இதுதான் முதல் தடவை என்பது அவர் போட்டுவந்த வெள்ளை ஷூவிலேயே தெரிந்தது. முந்தின வாரம் பெய்த மழையில் கல்லறைத் தோட்டம் சொதசொதவென்று கிடந்தது. டாக்டர் அம்மா குள்ளமாக, வயசானவராக இருந்தார். ரப்பர் பூட்ஸும் மடக்கு ஸ்டூலும் சொந்தமாகவே கொண்டுவந்திருந்தார். வந்த உடனே ஸ்டூலை விரித்து உட்கார்ந்துவிட்டார். அக்கா பெரிய பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து எல்லோருக்கும் நீட்டினாள். மாஜிஸ்திரேட் இப்போதுதான் குடித்தேன் என்றார். இன்ஸ்பெக்டரும் அதையே சொன்னார். போலீஸ்காரர்கள் இருவரும் தபால்காரரும்கூட இப்போதுதான் குடித்திருந்தார்கள். டாக்டர் அம்மா மட்டும் வேலை முடியட்டும் என்றார்.

முதல் சிக்கல், எது பூட்டுக்காரர் என்பது. இன்னும் கல் வைக்கவில்லை. மழையில் மேடெல்லாம் கரைந்து ஒரே மட்டமாகியிருந்தது. தண்ணீர்க் குழாயை ஒட்டி இருப்பதுதான் என்றாள் அக்கா. குழி வெட்டியவரும் அதையே சொன்னார். ரேடியோ மட்டும், இல்லை, அந்த வேப்பமரத்தடியில்தான் என்றாள். "கூடப் பொறந்தவ எனக்குத் தெரியாதா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

மாஜிஸ்திரேட்டுக்கு ரத்த சம்பந்தம்தான் பெரிதாகப் பட்டது. மரத்தடியில் தோண்டச் சொன்னார். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை எடுத்தார். இரண்டு வெட்டு வெட்டிவிட்டு நின்றார். "தோண்டச் சொன்னா தோண்டுறேன் சார். ஆனா இவரு கணக்கு வாத்தியாரு. போன வருஷம் வந்தவரு" என்றார்.

மாஜிஸ்திரேட் கையிலிருந்த உத்தரவைப் பிரித்துப் படித்தார். அதில் ஓர் ஆளைத் தோண்டத்தான் அனுமதி இருந்தது. அனுமதி இல்லாமல் கணக்கு வாத்தியாரைத் தொட்டால் அதுவே ஒரு குற்றம், அதற்கு இன்னொரு கேஸ் என்று இன்ஸ்பெக்டர் அவர் காதில் சொன்னார். வெட்டிய மண்ணை அவசரமாகத் திரும்பத் தள்ளினார்கள். மாஜிஸ்திரேட்டே காலால் கொஞ்சம் தள்ளினார். ஷூவின் கதை அதோடு முடிந்தது.

குழாயடியில் சுற்றிலும் துணித் திரை கட்டித் தோண்ட ஆரம்பித்தார்கள். டாக்டர் அம்மா ஒவ்வோர் அடிக்கும் நிறுத்தச் சொல்லி மண் எடுத்துப் பாட்டிலில் போட்டார். பெட்டிக்கு மேல் மண், பக்கத்து மண், அப்புறம் சம்பந்தமே இல்லாமல் தூரத்தில் ஓர் இடத்து மண். எதற்கு என்று அக்கா கேட்டாள். மண்ணிலேயே விஷம் இருந்து உடம்பில் ஊறியிருந்தால் பழி மனிதர் மேல் விழுந்துவிடக் கூடாதே, அதற்குத்தான் என்றார்.

"மண்ணையே இப்படி விசாரிக்கிறீங்க. தெருவுல என்னை ஒரு வார்த்தை யாரும் கேக்கல" என்றாள் அக்கா.

பெட்டி தெரிந்தது. கொண்டியில் பூட்டும் தெரிந்தது. அடையாளத்துக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்று மாஜிஸ்திரேட் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். பெட்டியின் அடி மண்ணையும் எடுத்துக்கொண்ட பிறகு சாவியைக் கேட்டார்கள்.

மகள் பெட்டியைக் கையால் காட்டினாள்.

"உள்ளயா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்பா சட்டைப் பையில சார்."

அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் அதற்குள்ளே படுத்திருந்தார். போலீஸ்காரர் ஒருவர் கடைத்தெருவுக்கு ஓடி ரம்பம் வாங்கிவந்தார். மாற்றி மாற்றி அறுத்தார்கள். ரம்பத்தின் பல்தான் போயிற்று. தபால்காரர் ஒரு தடவை, நான் ஒரு தடவை. பூட்டில் ஒரு கீறல் விழவில்லை. இன்ஸ்பெக்டர் இளைப்பைப் பார்க்காமல் கல்லால் ஓங்கி அடித்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் தோற்கத் தோற்க அக்காவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "அவரு பூட்டு அப்படி லேசுல போகாது சார்" என்றாள். புருஷன் செத்த பிறகு அவள் அவரைப் புகழ்ந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இருந்தபோதும் கேட்டதில்லை.

டாக்டர் அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்கம் குனிந்து பார்த்து, ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். கீல் நான்கே திருகாணியில் நின்றிருந்தது. பூட்டு பத்தரைமாற்று, பெட்டிதான் மட்டச் சரக்கு. கழற்றி, மூடியைக் கொஞ்சமாக விலக்கிவிட்டு, எல்லோரும் காற்று வரும் பக்கமாக வந்து நில்லுங்கள், உள்ளே அடைந்திருக்கும் வாடை போகட்டும் என்றார். மாஜிஸ்திரேட்டுக்குக் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்பதில் சந்தேகம் இருந்திருக்கிறது. தப்பான பக்கம் நின்றார். அதன்பிறகு கணக்கு வாத்தியாருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டி அடையாளம் கேட்டார்கள். அவள் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். "இளைச்சிருக்காரு" என்றாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துத் திரைக்கு வெளியே கூட்டிவந்தாள். நாங்கள் சாட்சிகள், கூப்பிடு தூரத்தில் நிற்க வேண்டும். டாக்டர் அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டார். சட்டைப் பையில் ஒரு சாவி, ஒரு பல்செட். குடலையும் ஈரலையும் எடுத்துப் போட வாயகன்ற பாட்டில்கள் தயாராக இருந்தன. அதில் ஊற்றுவது என்ன என்று அக்கா கேட்டாள். உப்புத் தண்ணீர், கெடாமல் இருக்க என்றார்கள்.

"கடைசியில உப்பு கெடச்சிருச்சு அவருக்கு" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத மாதிரி தோள் குலுங்கியது.

கொஞ்ச நேரத்தில் திரைக்குள்ளிருந்து டாக்டர் அம்மா இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். பிறகு எங்களையும். இடுக்கியில் எதையோ பிடித்திருந்தார். பெருவிரல் பருமனில் கறுப்பாக இருந்தது.

"இது தொண்டையில அடைச்சிருந்தது. மூச்சுக்குழாய் வாசல்லயே. மெல்லவே இல்ல, அப்படியே முழுங்கப் பார்த்திருக்காரு. இவரு சாப்பிடும்போது பல்லைக் கழட்டி வெச்சிருவாரா?"

கடிக்குது என்று கழற்றிவிடுவார் என்றாள் மகள்.

"கறியா மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கறிதான். நரம்போட ஒரு துண்டு."

இன்ஸ்பெக்டர் அக்கா முன்பு கொடுத்த வாக்குமூலத்தைப் புரட்டினார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு அவித்த சுரைக்காய் என்று இருந்தது. "கறி எங்கருந்தும்மா வந்துச்சு?"

அக்கா மெதுவாக நாத்தனார் பக்கம் திரும்பினாள். ரேடியோ வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் சத்தமில்லாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. அக்கா அவளை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் யோசித்த கணக்கு அவளுக்கு அந்த இடத்தில்தான் விடை வந்தது என்று நினைக்கிறேன். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"நான்தான் சார் குடுத்தேன். ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. பாவம்னு வறுத்துக் குடுத்தேன். சொல்ல மறந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"என்ன வறுத்த நீ?" என்றாள் ரேடியோ.

"கறி, அண்ணி."

"எப்படி வறுத்த?"

"எல்லாரும் வறுக்கிற மாதிரிதான். விடுங்க அண்ணி."

"எழுதாதீங்க சார், பொய்யி." ரேடியோ இரண்டு எட்டு முன்னால் வந்தாள். "இவளுக்கு ரொட்டி சுடத் தெரியும். கறி வறுக்கத் தெரியாது. இவ வறுத்தா ரப்பர் மாதிரி இருக்கும், எந் தம்பி தொடக்கூட மாட்டான். அது என் கை வறுவல். மிளகு ஒட்டியிருக்கான்னு பாருங்க."

டாக்டர் அம்மா நிஜமாகவே இடுக்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஏதோ பொடிப்பொடியாக இருக்கிறது என்றார்.

"மிளகுதான்" என்று சொல்லிவிட்டு ரேடியோ ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

பிறகு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. உப்பில்லாத கஞ்சி குடித்துத் தம்பி அவள் வீட்டுப் படியேறி வந்து அழுதிருக்கிறார். அதிலிருந்து வாரம் இரண்டு முறை கறி வறுத்து டிபன் பாக்ஸில் போட்டுத் துணி மூடிப் பட்டறையின் பின்பக்க ஜன்னல் வழியே கொடுத்துவிட்டுப் போவாளாம். செத்த அன்றைக்கு முதல் ஆளாக ஓடிவந்து கட்டிக்கொண்டு கதறியபோது, மேசைக்கடியில் அந்த டப்பா கிடந்தது. அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தன் வீட்டு எண்ணெய்தான் இதயத்தை அடைத்துத் தம்பியைக் கொன்றுவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

"நான்தான் கொன்னுட்டேன்னு ராத்திரியெல்லாம் தோணுச்சு. அதைத் தனியா வெச்சுக்க முடியல. உன் மேல போட்டா கொஞ்சம் எறங்குமான்னு பார்த்தேன்" என்றாள் அக்காவிடம். "எறங்கவும் இல்ல."

அக்கா திட்டுவாள் என்று நாங்கள் காத்திருந்தோம். அவள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "நான் கதவைத் தட்டினேன் அண்ணி" என்றாள். "உள்ள என்ன பண்றீங்கன்னு கேட்டேன். வாயில கறி இருந்திருக்கும். நான் பார்த்துருவேன்னு அவசரமா முழுங்கியிருக்காரு. ஒரு இருமல் கேட்டுச்சு. கோபம்னு நெனச்சுட்டுப் போயிட்டேன். அந்த இருமல்தான்."

ஒருத்தி வறுத்தாள், ஒருத்தி தட்டினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். டாக்டர் அம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், கொஞ்சம் சலிப்போடு: "பல்லைத் தம்ளர்ல போட்டுட்டுக் கறி தின்னவரு அவருதானே. ரெண்டு பேரும் ஏன் அடிச்சுக்கிறீங்க?"

விஷம் இல்லை என்று லேப் சொல்ல நாளாகும், ஆனால் தனக்குத் தெரிந்தவரை உணவு அடைத்துத்தான் மூச்சு நின்றது என்று மாஜிஸ்திரேட்டிடம் எழுதச் சொன்னார். ஒருத்தி தன் வீட்டு டிபன் பாக்ஸைத் தானே எடுத்துக்கொண்டு போவது குற்றமா என்று இன்ஸ்பெக்டர் சற்று யோசித்தார். பிறகு பேனாவை மூடினார். மாஜிஸ்திரேட் எழுந்து வந்து, யாரும் சொல்லாமலேயே பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டார். எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள். ஆறிப்போயிருந்தது. கீலைத் திரும்ப முடுக்கிப் பெட்டியை இறக்கினார்கள். பூட்டு பூட்டினபடியே இருந்தது.

லேப் முடிவும் வந்தது. விஷம் இல்லை. அக்கா அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினாள். ஆனால் கெட்ட சேதி சைக்கிளில் போகும், நல்ல சேதி நொண்டிக்கொண்டுதான் போகும். ஜனங்கள் தூரத்தில் நின்று படித்தார்கள். போலீஸை எவ்வளவுக்கு வாங்கினாளோ என்று ஒருவர். அந்த ஊர் லேபை நம்ப முடியுமா என்று இன்னொருவர். ரொட்டி அடுக்கிய தட்டு அடுக்கினபடியே சாயங்காலம் உள்ளே போயிற்று.

ஒரு சனிக்கிழமை காலை, தெருவில் ஜனம் நிறைந்திருக்கும் நேரம், ரேடியோ வந்தாள். கடை முன்னால் கிடந்த பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். எதிர்வரிசையில் எனக்குக் கேட்டது, தெருக்கோடிக்கும் கேட்டிருக்கும்: "ஒரு பன்னு குடு. இல்ல, ரெண்டு குடு. பெருசாப் பார்த்துக் குடு."

அக்கா தட்டில் வைத்து நீட்டினாள். ரேடியோ கடித்தாள். தெரு நின்றது. காய்கறி வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார். எதிர்மாடியில் துணி உலர்த்தியவள் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். நான் மிஷினை மிதிப்பதை விட்டேன். ரேடியோ தின்றுகொண்டே பேசினாள், பேசிக்கொண்டே தின்றாள். நான் சொன்னது பொய், எந் தம்பி என் கறியைத் தின்னுதான் செத்தான், இவ கையால அவன் பட்டினிதான் கெடந்தான், விஷம் எங்க வெப்பா, இவ வீட்ல உப்பே கெடையாது என்று வாய் நிறையப் பன்னோடு தெருவுக்குப் பிரகடனம் செய்தாள். இரண்டாவது பன்னையும் பாதிக்கு மேல் ஒரே வாயில் திணித்துக்கொண்டாள்.

அப்போது அடைத்துக்கொண்டது.

கண் பிதுங்கியது. கை காற்றில் அலைந்தது. தெரு மொத்தமும் ஓர் அடி பின்வாங்கியதை நான் பார்த்தேன். அக்கா கடைக்குள்ளிருந்து கல்லாவைத் தாண்டிக் குதித்தாள், அந்த வயசில். நாத்தனாரைக் குனியவைத்து, மாவு பிசைந்து உரமேறிய கையால் முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். இத்தனை மாதம் வாங்கிய பேச்சுக்கெல்லாம் சேர்த்துத்தான் அறைகிறாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது. நாலாவது அறையிலோ ஐந்தாவதிலோ பன் வெளியே வந்து விழுந்தது. ரேடியோ மூச்சை இழுத்து, கண்ணீரோடு நிமிர்ந்தாள்.

மகள் தண்ணீர் கொண்டு ஓடிவந்தாள். அக்கா தம்ளரை வாங்கி நாத்தனார் வாயில் வைத்தாள். அவளுக்கும் மூச்சு இரைத்தது.

"மெதுவாத் தின்னுங்க அண்ணி" என்றாள். "இன்னொரு தடவை தோண்ட என்னால ஆகாது."

ரேடியோ தண்ணீரைக் குடித்து முடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தட்டை அக்காவிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணு குடு" என்றாள்.

காய்கறி வண்டிக்காரர், தனக்கும் ஒன்று என்றார்.